தீவுகளின் புயல் காப்பகங்களுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

ஒரு நிதி ஏற்பாடு எவ்வளவு உறுதியானது என்பதை நல்ல நாள்களில் அறிய முடிவதில்லை. நெருக்கடி வரும்போதுதான் அதன் தரம் புலப்படுகிறது. சேமிப்பு, காப்பீடு, கடன் ஆகிய மூன்றுக்கும் இது பொருந்தும். தனிமனிதர் வாழ்வில் இதனை நாம் அடிக்கடி காண்கிறோம். ஒரு நாடு முழுவதும் ஓர் இரவில் நெருக்கடிக்கு உள்ளானால் என்ன நேரும் என்பதை அறிய, கரீபியக் கடலின் சிறு தீவு நாடுகளை நோக்குவது பயன் தரும்.

2017 செப்டம்பர் 18 இரவு, 'மரியா' என்னும் சூறாவளி டொமினிக்கா தீவைத் தாக்கியது. அது ஐந்தாம் வகைச் சூறாவளி. அளவுகோலில் அதற்கு மேல் வகை இல்லை. ஏறத்தாழ எழுபதாயிரம் மக்கள் வாழும் அத்தீவில், பத்தில் ஒன்பது கட்டடங்களின் கூரைகள் சேதமுற்றன அல்லது பறந்து போயின. பிரதமர் இல்லத்தின் கூரையும் தப்பவில்லை. உயிரிழந்தோரும் காணாமற்போனோரும் அறுபதுக்கு மேல். சேதமும் இழப்பும் சேர்ந்து ஏறத்தாழ 130 கோடி அமெரிக்க டாலர் என மதிப்பிடப்பட்டது. அந்நாட்டின் ஓராண்டு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் இது 226 விழுக்காடு. ஆண்டுக்குப் பத்து இலட்சம் ரூபாய் ஈட்டும் குடும்பம் ஓர் இரவில் இருபத்திரண்டரை இலட்சத்துக்கு மேல் இழந்தால் எந்நிலையில் நிற்குமோ, அந்நிலையில் ஒரு நாடே நின்றது.

பெரிய நாட்டில் ஒரு மாவட்டம் பாதிக்கப்பட்டால் மற்ற மாவட்டங்கள் கைகொடுக்கும். மக்கள் பேருந்தில் ஏறி உள்நாட்டுப் பகுதிக்குச் செல்லலாம். தீவில் வாழ்வோர்க்கு அந்த வழி இல்லை. நான்கு புறமும் கடல். விமான நிலையமும் துறைமுகமும் புயலுக்கு முன்பே மூடப்பட்டுவிடும். ஆகவே அந்த இரவில் மக்கள் எந்தக் கூரையின் கீழ் இருக்கிறார்கள் என்பதே உயிரையும் சாவையும் தீர்மானிக்கிறது. அந்தக் கூரையை யார் பணத்தில், எப்போது கட்டுவது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

காப்பகம் என்பது எது?

கரீபியத் தீவுகளில் புயல் காப்பகங்களாக அறிவிக்கப்படுபவற்றுள் பெரும்பாலானவை பள்ளிக்கூடங்கள், தேவாலயங்கள், சமூகக் கூடங்கள் ஆகியனவே. இவை காப்பகங்களாகக் கட்டப்பட்டவை அல்ல. ஊரில் உள்ள பெரிய கட்டடம் என்பதனால் பட்டியலில் சேர்க்கப்பட்டவை. பட்டியலில் இடம்பெற்றதனாலேயே ஒரு கட்டடம் வலிமை பெற்றுவிடாது.

காற்றின் விசை, வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும் என்பது இங்கே முதன்மையான உண்மை. மணிக்கு 120 கிலோமீட்டர் வேகக் காற்றைத் தாங்கும் சுவர், 240 கிலோமீட்டர் வேகக் காற்றில் இரு மடங்கு அன்று, நான்கு மடங்கு அழுத்தத்தைச் சந்திக்கிறது. முதல் வகைச் சூறாவளியின் காற்று ஏறத்தாழ 119 கிலோமீட்டர் வேகத்தில் தொடங்குகிறது. ஐந்தாம் வகையினது 252 கிலோமீட்டர் அளவில் தொடங்குகிறது. ஆகவே முதல் வகைக்குப் போதுமான கட்டடம் ஐந்தாம் வகைக்குச் சற்றே குறைவானதாக இராது, முற்றிலும் போதாததாகிவிடும்.

பழுது பெரும்பாலும் கூரையில்தான் தொடங்குகிறது. ஒரு சன்னல் உடைந்தால் காற்று உள்ளே புகுந்து கூரையைக் கீழிருந்து மேல்நோக்கித் தள்ளுகிறது. அதே நேரத்தில் வெளிக்காற்று கூரையை மேலே உறிஞ்சுகிறது. இவ்விரண்டும் சேர்ந்தால் ஆணியடித்த தகரக் கூரை நிற்பதில்லை. கூரையைச் சுவரோடும் சுவரை அடித்தளத்தோடும் உலோகப் பட்டைகளாலும் போல்ட்டுகளாலும் பிணைப்பது, சன்னல்களுக்கு உறுதியான அடைப்புகள் பொருத்துவது, இயன்ற இடங்களில் தகரத்துக்கு மாற்றாகக் கான்கிரீட் தளம் இடுவது ஆகியனவே காப்பகத்தின் அடிப்படைப் பணிகள். கடல் பொங்கி ஏறும் உயரத்துக்கு மேலே தரைத்தளம் அமையவேண்டும். மலைத்தீவுகளில் மண்சரிவு வரும் சரிவுகளையும் ஆற்றுப் படுகைகளையும் தவிர்க்கவேண்டும். குடிநீர்த் தொட்டி, கழிப்பறை, ஜெனரேட்டர், தகவல் தொடர்புக் கருவி, நோயாளிகளுக்கும் தாய்மார்களுக்கும் தனியிடம் ஆகியவையும் வேண்டும். மக்கள் அங்கே ஓர் இரவு மட்டும் தங்குவதில்லை. வீடு மீளும் வரை வாரக்கணக்கிலும் தங்க நேரும்.

2004 செப்டம்பர் 7 அன்று 'ஐவன்' சூறாவளி கிரெனடாவைத் தாக்கியபோது இவற்றின் இன்மை வெளிப்பட்டது. 1955ஆம் ஆண்டின் 'ஜேனட்' சூறாவளிக்குப் பின் ஏறத்தாழ அரை நூற்றாண்டு பெரும் தாக்குதல் இல்லாததால், தங்கள் தீவு புயல் பாதைக்கு வெளியே உள்ளது என்ற எண்ணம் அங்கே வேரூன்றியிருந்தது. 'ஐவன்' கடந்தபின் பத்தில் ஒன்பது வீடுகள் சேதமுற்றிருந்தன. பள்ளிகளில் பெரும்பாலானவை பாழாயின. பேரிடர் நடவடிக்கைகளை இயக்கவேண்டிய மையத்தின் கூரையே போயிற்று. இழப்பு ஓராண்டு உற்பத்தியைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. ஏறத்தாழ பத்து மாதங்கள் கழித்து, 2005 சூலையில், 'எமிலி' என்னும் அடுத்த சூறாவளி வந்தது. பழுதுபார்த்துக்கொண்டிருந்த கூரைகள் மீண்டும் சேதமுற்றன.

பள்ளியைக் காப்பகமாகப் பயன்படுத்துவதில் மற்றொரு செலவும் மறைந்துள்ளது. வீடிழந்தோர் வகுப்பறையில் தங்கியிருக்கும் வரை பள்ளி திறக்க இயலாது. பள்ளி திறக்காவிடில் பெற்றோர் வேலைக்குச் செல்வது கடினம். ஊர் இயல்பு நிலைக்குத் திரும்புவது தள்ளிப்போகிறது. இச்செலவு எந்தக் கணக்கேட்டிலும் ஏறுவதில்லை.

பணம் வரும் வழிகள்

தீவு நாட்டு அரசு ஒன்றின் நிதியமைச்சர் நிலையிலிருந்து நோக்குவோம். காப்பகங்களை வலுப்படுத்தவும் புயலுக்குப்பின் மீளவும் அவருக்குச் சில வழிகள் உள்ளன.

முதல் வழி, சொந்த வரவு செலவுத் திட்டம். வரி வருவாயிலிருந்து ஒதுக்குவது. மக்கள் தொகை சில பத்தாயிரங்களாக இருக்கும் நாட்டில் இவ்வருவாய் சிறியது. அதுவும் சுற்றுலாவையும் வேளாண்மையையும் சார்ந்தது. புயல் வந்தால் இவ்விரண்டும் ஒரே நாளில் நின்றுபோகும். செலவு உயரும் நாளிலேயே வருவாய் வீழ்கிறது. டொமினிக்கா போன்ற சில நாடுகள், முதலீடு செய்யும் வெளிநாட்டவர்க்குக் குடியுரிமை வழங்கும் திட்டத்தின் வருவாயைக் கொண்டு புயல் தாங்கும் வீடுகளைக் கட்டியுள்ளன. ஆனால் அத்தகைய வருவாய் பிற நாடுகளின் விசாக் கொள்கை மாறினால் சுருங்கிவிடக்கூடியது.

இரண்டாவது வழி, வளர்ச்சி வங்கிகள் தரும் சலுகைக் கடனும் கொடை நாடுகள் தரும் மானியமும். பார்படோசைத் தலைமையிடமாகக் கொண்டு 1970 முதல் இயங்கும் கரீபிய வளர்ச்சி வங்கி, உலக வங்கி, ஐரோப்பிய ஒன்றியம், கனடா முதலியோர் இவ்வகையில் உதவுகின்றனர். 'மரியா'வுக்குப் பின் 2018ஆம் ஆண்டில் டொமினிக்காவின் வீட்டு மீட்புத் திட்டத்துக்கு உலக வங்கி நான்கு கோடி டாலர் அனுமதித்தது. அதன் நோக்கம் பழைய கூரையை அப்படியே திரும்ப இடுவதன்று. அடுத்த புயலைத் தாங்கும் தரத்தில் கட்டுவது.

மூன்றாவது வழி, முன்கூட்டியே ஒப்புக்கொள்ளப்பட்ட அவசரக் கடன். நம் வாடிக்கையாளர்கள் சிலர் வைத்திருக்கும் மிகைப்பற்று வசதியை இதற்கு ஒப்பிடலாம். வரம்பு முன்பே அனுமதிக்கப்பட்டிருக்கும். தேவை எழும்போது எடுத்துக்கொள்ளலாம். உலக வங்கி இத்தகைய வசதியைப் பேரிடர் அறிவிப்போடு இணைத்து வழங்குகிறது. விண்ணப்பம், ஆய்வு, ஒப்புதல் எனப் புயலுக்குப்பின் மாதக்கணக்கில் காத்திராமல் பணம் கிடைப்பது இதன் நன்மை. ஆனால் இது கடனே, திருப்பிச் செலுத்தவேண்டும்.

நான்காவது வழி, காப்பீடு. இதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

அளந்து கொடுக்கும் காப்பீடு

'ஐவன்' தந்த பாடத்துக்குப் பின், கரீபிய நாடுகளின் தலைவர்கள் உலக வங்கியின் உதவியை நாடினர். அதன் பயனாக 2007இல் சி.சி.ஆர்.ஐ.எஃப். எனப்படும் கரீபியப் பேரிடர் இடர்க் காப்பீட்டு நிதியம் உருவாயிற்று. பல நாட்டு அரசுகள் ஒன்றுகூடி இடரைப் பகிர்ந்துகொள்ளும் உலகின் முதல் அமைப்பு இது. தொடக்கத்தில் 16 அரசுகள் சேர்ந்தன. எல்லாத் தீவுகளையும் ஒரே ஆண்டில் பெரும் புயல் தாக்குவதில்லை. ஆகவே ஒவ்வொரு நாடும் தனித்தனியே காப்பீடு வாங்குவதினும் கூட்டாக வாங்கினால் பிரீமியம் குறைகிறது. நம் ஊர்களின் சுய உதவிக் குழுக்கள் கூட்டுப் பொறுப்பில் கடன் பெறுவதன் அடிப்படையும் இதனைப் போன்றதே.

இக்காப்பீடு, வீட்டுக்கோ ஊர்திக்கோ நாம் எடுக்கும் காப்பீட்டைப் போன்றதன்று. சர்வேயர் வந்து சேதத்தைப் பார்த்து மதிப்பிடும் முறை இதில் இல்லை. காற்றின் வேகம், புயல் சென்ற பாதை, கடலெழுச்சி ஆகியவற்றை அளந்து, கணினி மாதிரி ஒன்றின் வழியே இழப்பைக் கணிக்கிறார்கள். கணித்த இழப்பு ஒப்பந்தத்தில் குறித்த எல்லையைத் தாண்டினால், பதினான்கு நாள்களுக்குள் பணம் அரசின் கணக்கில் சேர்கிறது. விரைவே இதன் சிறப்பு. காவலர், செவிலியர், மின் ஊழியர் ஆகியோர்க்கு ஊதியம் தருவதற்கும், இடிபாடுகளை அகற்றுவதற்கும் அப்பணம் உடனே பயன்படும்.

'மரியா'வுக்குப் பின் டொமினிக்கா பெற்ற தொகை ஏறத்தாழ ஒரு கோடியே 93 இலட்சம் டாலர். அந்நாளில் அது பேருதவி. எனினும் மொத்த இழப்பாகிய 130 கோடியோடு ஒப்பிட்டால் அது நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு மட்டுமே. முதல் சில வாரங்களைக் கடக்க உதவும் கைப்பணமாகவே அந்நிதியம் திட்டமிடப்பட்டது. நாட்டைத் திரும்பக் கட்டுவதற்கான முதலாக அன்று. இவ்வேறுபாட்டை அறியாதோர், காப்பீடு இருந்தும் நாடு ஏன் மீளவில்லை என்று வியப்பர்.

அளவீட்டுக் காப்பீட்டுக்கு மற்றொரு குறையும் உண்டு. சேதம் கடுமையாக இருந்தும் அளவீடு எல்லையைத் தொடாமற்போகலாம். 2015 ஆகஸ்டில் 'எரிக்கா' என்னும் வெப்பமண்டலப் புயல் டொமினிக்காவில் பெருமழை கொட்டியது. காற்று கடுமையாக இல்லை. வெள்ளமும் மண்சரிவும் சேர்ந்து ஓராண்டு உற்பத்தியில் ஏறத்தாழ 90 விழுக்காடு அளவுக்கு இழப்பை உண்டாக்கின. காற்றுக்கான காப்பீட்டிலிருந்து பணம் வரவில்லை. மழைக்கெனத் தனியே எடுத்திருந்த ஒப்பந்தத்திலிருந்து ஏறத்தாழ 24 இலட்சம் டாலர் கிடைத்தது.

ஜமைக்காவின் பட்டறிவு இன்னும் தெளிவானது. அந்நாடு உலக வங்கியின் துணையோடு 15 கோடி டாலர் மதிப்பில் பேரிடர்க் கடன்பத்திரம் ஒன்றை வெளியிட்டிருந்தது. குறித்த கடுமையுள்ள புயல் வந்தால் முதலீட்டாளர் தம் முதலை இழப்பர். அத்தொகை ஜமைக்காவுக்குச் சேரும். புயல் வராவிடில் முதலீட்டாளர் நல்ல வட்டியோடு முதலைத் திரும்பப் பெறுவர். 2024 சூலையில் 'பெரில்' சூறாவளி தென்கரையைச் சேதப்படுத்தியபோது, புயல் மையத்தின் காற்றழுத்தம் ஒப்பந்த எல்லைக்குக் கீழே இறங்கவில்லை. ஒரு டாலரும் வரவில்லை. 2025 அக்டோபர் 28 அன்று 'மெலிசா' ஐந்தாம் வகைச் சூறாவளியாகக் கரையைக் கடந்தபோது முழுத் தொகையும் கிடைத்தது. பத்திரம் ஒன்றே, ஒப்பந்த விதிகளும் அவையே, விளைவுதான் வேறு. எந்த ஒப்பந்தத்திலும் எப்போது பணம் வரும் என்பதைப் போலவே எப்போது வராது என்பதையும் படிக்கவேண்டும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை.

கடன் தவணைக்கு ஓய்வு

தீவு நாடுகள் பலவும் கடன் சுமையில் உள்ளன. புயல் வந்த ஆண்டில் பழைய கடனுக்கு வட்டி செலுத்துவதா, மருத்துவமனைக்குக் கூரை போடுவதா என்ற நெருக்கடி எழுகிறது. இதற்கு விடையாகக் கிரெனடா ஒரு புதுவழி கண்டது. 2015இல் தன் கடன்களை மறுசீரமைத்தபோது, ஒப்பந்தத்தில் 'சூறாவளி விதி' ஒன்றைச் சேர்க்கக் கடன் கொடுத்தோரை இணங்கச் செய்தது. குறித்த அளவுக்கு மேல் புயல் இழப்பு ஏற்பட்டால், அதன் அளவைப் பொறுத்து ஆறு மாதமோ ஓராண்டோ தவணைகளைத் தள்ளிவைக்கலாம். தள்ளிய தொகை தள்ளுபடியாவதில்லை. முதலோடு சேர்ந்து பின்னர் செலுத்தப்படும்.

2024 சூலை 1 அன்று 'பெரில்' நான்காம் வகைச் சூறாவளியாகக் கிரெனடாவுக்கு உரிய கேரியகோ தீவில் கரையைக் கடந்தது. கேரியகோவிலும் அண்டைத் தீவாகிய பெட்டிட் மார்ட்டினிக்கிலும் நூற்றுக்கு 98 கட்டடங்கள் சேதமுற்றன அல்லது அழிந்தன என்று பிரதமர் அறிவித்தார். கேரியகோவின் மருத்துவமனையும் சேதமுற்றது. அந்நிலையில் கிரெனடா தன் சூறாவளி விதியைப் பயன்படுத்தித் தவணைகளை ஒத்திவைத்தது. சி.சி.ஆர்.ஐ.எஃப். நிதியத்திலிருந்து ஏறத்தாழ 4 கோடியே 40 இலட்சம் டாலரும் பெற்றது. அந்நிதியம் ஒரு நாட்டுக்கு ஒரு நிகழ்வுக்காக அதுவரை வழங்கியவற்றுள் அதுவே மிகப் பெரியது. பார்படோசும் தன் கடன் ஒப்பந்தங்களில் இத்தகைய விதியைச் சேர்த்துள்ளது.

இக்கருத்து நமக்குப் புதிதன்று. இயற்கைச் சீற்றம் அறிவிக்கப்பட்ட பகுதிகளில் பயிர்க்கடன் முதலியவற்றை மறுசீரமைக்கவும் தவணைக்கு ஓய்வு தரவும் இந்திய ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல்கள் நெடுங்காலமாக உள்ளன. அங்கும் ஒத்திவைப்பு என்பது தள்ளுபடியன்று. ஓய்வுக் காலத்துக்கும் வட்டி உண்டு. ஆயினும் நெருக்கடி மாதத்தில் கைக்குக் கிடைக்கும் ரொக்கத்தின் மதிப்பு, பின்னர் செலுத்தும் வட்டியைக் காட்டிலும் பெரிதாக இருக்கக்கூடும்.

முன்பே செலவிடுவது ஏன் அரிதாகிறது?

மேலே கண்ட காப்பீடு, அவசரக் கடன், கடன்பத்திரம், சூறாவளி விதி ஆகிய நான்கும் புயலுக்குப் பின்னரே உயிர்பெறுகின்றன என்பதைக் கவனிக்கவேண்டும். இவற்றுள் எதுவும் புயலுக்கு முந்திய நாளில் ஒரு காப்பகத்தின் கூரையைப் பிணைப்பதில்லை. காப்பகத்துக்கு வேண்டியது முன்பே வரும் முதலீடு. அது அரிதாவதற்குக் காரணங்கள் உள்ளன.

முதலாவது, தகுதி பற்றியது. மானியமும் சலுகைக் கடனும் பெரும்பாலும் தனிநபர் வருமானத்தைக் கொண்டு வழங்கப்படுகின்றன. பஹாமாஸ் போன்ற நாடுகளின் சராசரி வருமானம் உயர்ந்திருப்பதால், அவை வளர்ச்சி உதவி பெறும் நாடுகளின் பட்டியலில் இல்லை. ஆன்டிகுவா-பார்புடாவும் 2022இல் அப்பட்டியலிலிருந்து விலகியது. வருமானம் என்பது நல்ல ஆண்டின் அளவீடு. ஒரே புயலில் எவ்வளவு இழக்கக்கூடும் என்பதை அது காட்டுவதில்லை. இக்குறையைச் சரிசெய்யவே, வருமானத்தோடு பலவகை இடர்நிலைகளையும் அளக்கும் குறியீடு ஒன்றை 2024 ஆகஸ்டில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றது. பார்படோசின் பிரதமர் மியா மோட்லி 2022இல் முன்வைத்த பிரிட்ஜ்டவுன் முன்முயற்சியும் இக்கோரிக்கையை உள்ளடக்கியதே. குறியீட்டை ஏற்பது ஒன்று. அதன்படி கடன் கொடுப்பது மற்றொன்று. இரண்டாவது நடைபெறும் வரை தீவுகள் காத்திருக்கவேண்டியுள்ளது.

இரண்டாவது, எந்தக் கொடியின் கீழ் வாழ்கிறோம் என்பது. 2017இல் 'இர்மா' சூறாவளி சின்ட் மார்ட்டனைத் தாக்கியது. அது நெதர்லாந்து முடியரசின் பகுதி. எனவே நெதர்லாந்து அரசு 55 கோடி யூரோ ஒதுக்கியது. அதன் பெரும்பகுதி உலக வங்கியின் பொறுப்பில் ஓர் அறக்கட்டளை நிதியாக வைக்கப்பட்டது. போர்ட்டோ ரிக்கோவும் அமெரிக்க விர்ஜின் தீவுகளும் அமெரிக்கக் கூட்டரசின் பேரிடர்க் குறைப்பு மானியத்துக்குத் தகுதி பெற்றவை. அத்தகைய மானியம் வழக்கமாகத் திட்டச் செலவில் 75 விழுக்காடு வரை ஏற்கிறது. அருகிலேயே உள்ள சுதந்திர நாடாகிய டொமினிக்காவுக்கு அத்தகைய தாய்க் கருவூலம் இல்லை. புயலுக்கு எல்லைக்கோடு தெரியாது, பணத்துக்குத் தெரிகிறது.

மூன்றாவது, செலவின் இயல்பு. காப்பகம் பயன்படும் நாள்கள் மிகச் சில. பாலமும் சாலையும் நாள்தோறும் கண்ணில் படும்; வலுவான கூரை புயல் வராத ஆண்டில் யார் கண்ணிலும் படாது. அமெரிக்காவின் தேசியக் கட்டட அறிவியல் நிறுவனம் 2018இல் தந்த மதிப்பீட்டின்படி, கூட்டரசுப் பேரிடர்க் குறைப்பு மானியங்களில் செலவிடும் ஒவ்வொரு டாலரும் சராசரியாக ஆறு டாலர் எதிர்கால இழப்பைத் தவிர்க்கிறது. ஆயினும் தவிர்த்த இழப்பு எந்தக் கணக்கிலும் வரவாக எழுதப்படுவதில்லை. ஒரு கடனதிகாரியின் மேசையில் இத்திட்டத்தை வைத்தால், வருவாய் எங்கே என்ற வினாவுக்கு விடையளிப்பது கடினம். இதனால்தான் காப்பகத்துக்கு வணிகக் கடனைக் காட்டிலும் பொதுப்பணம் பொருத்தமானது என்கிறோம்.

நான்காவது, பராமரிப்பு. கட்டுவதற்குக் கொடை கிடைக்கும். ஆண்டுதோறும் வண்ணம் பூசவும், துருப்பிடித்த போல்ட்டை மாற்றவும், ஜெனரேட்டரை இயக்கிப் பார்க்கவும் கொடை கிடைப்பதில்லை. கடற்காற்றில் இரும்பு விரைவில் அரிக்கும். பத்தாண்டு கவனிக்காத காப்பகம் பட்டியலில் காப்பகமாகவே இருக்கும், புயலில் இராது.

உள்ளே செல்வோர் யார்?

கட்டடம் வலுவாக இருந்தும் மக்கள் செல்லாவிடில் பயனில்லை. 2019 செப்டம்பர் 1 அன்று 'டோரியன்' சூறாவளி மணிக்கு ஏறத்தாழ 295 கிலோமீட்டர் வேகக் காற்றோடு பஹாமாசின் அபாகோ தீவுகளில் கரையேறியது. பின்னர் கிராண்ட் பஹாமா மீது ஒரு நாளுக்கு மேல் ஏறத்தாழ நகராமல் நின்றது. இழப்பு 340 கோடி டாலர் என அமெரிக்க நாடுகளிடை வளர்ச்சி வங்கி மதிப்பிட்டது. எழுபதுக்கு மேற்பட்டோர் இறந்தனர்; பலரின் கதி தெரியவரவில்லை. அபாகோவில் பலகையும் தகரமும் கொண்டு எழுப்பிய குடியிருப்புகள் தரைமட்டமாயின. அங்கு வாழ்ந்தோரில் பெரும்பாலோர் ஹெய்ட்டியிலிருந்து பிழைப்புக்காக வந்தவர்கள். குடியேற்ற ஆவணம் இல்லாதவர் அரசுக் கட்டடத்தின் வாயிலில் பெயர் கொடுக்கத் தயங்குவது இயல்பு. கால்நடையையும் உடைமையையும் விட்டுச்செல்ல மனமில்லாதோரும், கழிப்பறை வசதியும் தனிமையும் இன்மையால் தயங்கும் பெண்களும் எல்லா நாடுகளிலும் உள்ளனர். ஆகவே காப்பகத்துக்கான திட்டச் செலவில் கட்டுமானத்தோடு நம்பிக்கைக்கான செலவும் இடம்பெறவேண்டும்.

சில நேரங்களில் காப்பகம் வேறு தீவிலேயே அமைகிறது. 2017இல் 'இர்மா'வுக்குப் பின் பார்புடாவின் மக்கள் அனைவரும், ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டோர், ஆன்டிகுவாவுக்கு வெளியேற்றப்பட்டனர். அவர்களுள் ஒரு பகுதியினர் தங்கிய இடம், 2007 உலகக் கோப்பைக் கிரிக்கெட்டுக்காகக் கட்டிய சர் விவியன் ரிச்சர்ட்ஸ் அரங்கம். விளையாட்டுக்கெனச் செலவிட்ட பொதுப்பணம் பத்தாண்டு கழித்து வீடற்றோர்க்கு நிழலாயிற்று. பல்நோக்குக் கட்டடத்தின் பயன் இது.

வங்கக்கடல் தரும் பாடம்

பல்நோக்குக் கட்டடம் என்பதில் வங்கக்கடல் நாடுகள் முன்னோடிகள். 1970 நவம்பர் புயலில் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோரையும், 1991இல் ஏறத்தாழ ஒரு இலட்சத்து முப்பத்தெட்டாயிரம் பேரையும் இழந்த வங்கதேசம், தூண்கள்மீது உயர்ந்த காப்பகங்களைக் கடற்கரையிலும் தீவுகளிலும் கட்டிவருகிறது. மற்ற நாள்களில் அவை தொடக்கப் பள்ளிகளாக நடக்கின்றன. கால்நடைகளுக்காக மண்மேடுகளும் உயர்த்தப்பட்டன.

ஒடிசா 1999ஆம் ஆண்டுப் பெரும்புயலில் ஏறத்தாழ பத்தாயிரம் உயிர்களை இழந்தது. 2019 மே மாதம் 'ஃபானி' புயல் வந்தபோது பன்னிரண்டு இலட்சம் பேர் முன்கூட்டியே பாதுகாப்பான இடங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். உயிரிழப்பு நூற்றுக்கும் குறைவாக நின்றது. எச்சரிக்கை, போக்குவரத்து, பயிற்சி பெற்ற ஊர்க் குழுக்கள், காப்பகங்கள் ஆகியவை சேர்ந்து தந்த பயன் இது. 2011இல் தொடங்கிய தேசியப் புயல் இடர்க் குறைப்புத் திட்டத்தின் காப்பகங்களும் இதில் பங்குகொண்டன. ஊர்க் குழுவிடம் பராமரிப்பு நிதியையும் பொறுப்பையும் சேர்த்தே ஒப்படைக்கும் முறை, மேலே நாம் கண்ட நான்காவது குறைக்கு நேரான மருந்து. கட்டுமானச் செலவில் சிறு பங்கை வைப்பு நிதியாக வைத்து அதன் வட்டியில் பழுது பார்ப்பது, எந்தத் தீவும் கைக்கொள்ளத்தக்க எளிய ஏற்பாடு.

இந்தியா 2019இல் தொடங்கிவைத்த பேரிடர் தாங்கும் உள்கட்டமைப்புக் கூட்டணி, 2021இல் கிளாஸ்கோ மாநாட்டின்போது தீவு நாடுகளுக்கெனத் தனித்திட்டம் ஒன்றை அறிவித்தது. வங்கக்கடல் கரையில் கற்றதைக் கரீபியக் கடலுக்கும் பசிபிக் கடலுக்கும் கொண்டுசெல்லும் வழிகளுள் இதுவும் ஒன்று.

நமக்கான கணக்கு

தீவு நாட்டின் நிதியமைச்சரும் ஒரு குடும்பத் தலைவரும் சந்திக்கும் வினாக்கள் அளவில் வேறானாலும் வகையில் ஒன்றே. சிறு இடருக்குக் கையிருப்பு, நடுத்தர இடருக்கு முன்பே அனுமதி பெற்ற கடன், பெரும் இடருக்குக் காப்பீடு என்று அடுக்கடுக்காக ஏற்பாடு செய்வதே முறை. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. மூன்று மாதச் செலவுக்கான சேமிப்பு உள்ளதா, வீட்டுக் காப்பீட்டில் புயலும் வெள்ளமும் அடங்கியுள்ளனவா, இழப்பீடு கிடைக்காத சூழல்கள் எவை என்பனவற்றை ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நன்று. கடலோரத்தில் வாழும் வாடிக்கையாளர்கள், தம் ஊரின் புயல் காப்பகம் எது, அதன் கூரையும் குடிநீர்த் தொட்டியும் எந்நிலையில் உள்ளன என்பதையும் மழைக்காலத்துக்கு முன் ஊராட்சியிடம் கேட்டறியலாம். அக்கட்டடம் பொதுப்பணத்தில் எழுந்தது. அதன் நிலையைக் கேட்கும் உரிமை ஊரார் அனைவருக்கும் உண்டு.